ஆட்சித் துறைகளும் குற்றவியல் நீதியும்: 1962 ஆம் ஆண்டுச் சதி வழக்கும் அதன் பின்விளைவும்

மதுரையிற் பாண்டியன் நெடுஞ்செழியன் செய்த பிழை யாது என வினவினால், சிலப்பதிகாரம் பயிலும் மாணவர் “ஆராயாது கொன்றமை” என விடை பகர்வர். அவ்விடை சரியே, எனினும் முழுமையானதன்று. பொற்கொல்லன் சொன்ன குற்றச்சாட்டைக் கேட்டவனும் அரசன். அதனை மெய்யெனக் கொண்டவனும் அரசன். கோவலனைக் கொல்லுமாறு காவலரை ஏவியவனும் அரசனே. வழக்கு, தீர்ப்பு, தண்டனை ஆகிய மூன்றும் ஒருவன் வாயிற் பிறந்த ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. இடைநின்று தடுக்கும் உரிமை எவருக்கும் இருந்திலது. கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டியபொழுது உண்மை வெளிப்பட்டது; ஆனாற் கோவலன் உயிர் மீளவில்லை. தன் பிழையை உணர்ந்த அக்கணமே உயிர் துறந்த பெருமகன் அப்பாண்டியன். அத்தகையோனும் தவறினான் என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. ஆள்பவரின் நற்பண்பை மட்டும் நம்பி நிற்கும் நீதி உறுதியான நீதியன்று.

அரசின் அதிகாரத்தைச் சட்டவாக்கம், நிருவாகம், நீதி என மூன்றாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் வேறு வேறு கையில் ஒப்படைத்தல் வேண்டும் என்னும் கொள்கையை மொந்தெஸ்கியூ என்னும் பிரெஞ்சு அறிஞர் 1748 இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்தார். இக்கொள்கை அறிஞர் அவையில் மட்டும் வாழ்வதன்று. கிளிநொச்சி மாவட்டத்துப் பூநகரிப் பிரிவிலுள்ள ஜெயபுரம் போன்றதோர் ஊரில் ஒருவன் களவுக் குற்றத்துக்காகப் பிடிபட்டான் எனக் கொள்க. களவு இன்னதென வரையறுத்து, அதற்குரிய தண்டனையின் எல்லையை விதித்தது சட்டவாக்கத்துறை. அவனைப் பிடித்தவர் பொலிசார்; பாரதூரமான குற்றமாயின் வழக்கை நடத்துபவர் சட்டமா அதிபர்; தண்டனை பெற்றபின் அவனைக் காப்பது சிறைச்சாலைத் திணைக்களம். இவை நிருவாகத்தின் பாற்பட்டன. அவன் குற்றவாளியோ அல்லனோ என்று கூறும் உரிமை மட்டும் இவ்விரு துறைகளுக்கும் இல்லை. அதற்கென்றே கிளிநொச்சியில் நீதிமன்று இருக்கின்றது. மூன்று துறைகளும் ஒன்றையொன்று தாங்கியும் தடுத்தும் நின்றாலன்றி அவ்வூரவனுக்கு நீதி கிட்டாது.

இலங்கையில் இப்பிரிவு ஒரே நாளில் அமைந்ததன்று. பிரித்தானியர் 1801 இல் உயர் நீதிமன்றத்தை நிறுவினர். 1833 இல் கமரன் என்பாரின் அறிக்கையைத் தழுவி நீதிமன்ற அமைப்பு நாடெங்கும் ஒழுங்குபடுத்தப்பட்டது. ஆயினும், தலைநகருக்குத் தொலைவான காட்டுப் பகுதிகளில் வரி தண்டும் அதிகாரியே நீதவானாகவும் அமர்ந்தார். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வூல்வ், காலையில் நிருவாகியாகவும் பின்னர் வழக்கு விசாரிக்கும் நீதவானாகவும் கடமையாற்றியமை அவருடைய வாழ்க்கை வரலாற்றால் அறியப்படும். ஒருவரே இரு தொப்பிகளையும் அணிந்த அக்காலத்தில், ஏழைக் குடியானவன் தன் வழக்கிற் கேட்டதும் அரசாங்கத்தின் குரல். கேட்கப்பட்டதும் அரசாங்கத்தின் செவி.

ஆயினும் அதே ஆட்சிக்காலத்திற் குற்றவியற் சட்டத்தின் இரு பெருந் தூண்களும் நாட்டப்பட்டன. ஒன்று, 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை. மற்றையது, 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம். பின்னையதன் 25 ஆம் பிரிவு, பொலிஸ் உத்தியோகத்தருக்கு ஒருவன் அளித்த குற்றவொப்புதலை அவனுக்கு எதிராக நிரூபித்தல் ஆகாது என விலக்கியது. காவலறையின் நான்கு சுவர்களுக்குள் ஒருவன் வாய்திறந்து “நானே செய்தேன்” என்பது உண்மையாலோ, அச்சத்தாலோ, அடியாலோ என்பதை நீதிமன்று பின்னர் அறிதல் அரிது. ஆதலின், ஐயத்துக்கிடமான அச்சான்றினை முற்றாக விலக்குதலே நன்றெனச் சட்டம் கொண்டது. பிடிப்பவர் கையிலேயே சான்றும் பிறந்துவிடின் நீதிமன்றுக்குச் செய்தற்கு யாதும் எஞ்சாது என்பது இவ்விதியின் உட்கிடை.

1948 இற் சுதந்திரம் பெற்றபொழுது நடைமுறையிலிருந்த சோல்பரி அரசியலமைப்பில் நீதி அதிகாரம் நீதிமன்றங்களுக்கே உரியது என்னும் வெளிப்படையான வாசகம் இல்லை. உயர் நீதிமன்ற நீதியரசரை எளிதில் நீக்கமுடியாது என்றும், ஏனைய நீதி உத்தியோகத்தரை நீதிச்சேவை ஆணைக்குழுவே நியமித்தல் வேண்டும் என்றும் மட்டுமே அது விதித்தது. இவ்விதிகளின் வன்மை இலஞ்ச ஆணையாளருக்கும் ரணசிங்க என்பாருக்கும் இடையே நிகழ்ந்த வழக்கில் வெளிப்பட்டது. இலஞ்ச வழக்குகளை விசாரித்துத் தண்டிக்கும் தீர்ப்பாயத்தின் உறுப்பினரை நீதிச்சேவை ஆணைக்குழு நியமிக்கவில்லை. ஆதலின் அத்தீர்ப்பாயம் விதித்த தண்டனை செல்லாது என உயர் நீதிமன்றமும், பின்னர் 1964 இல் இலண்டனிலுள்ள பிரிவிக் கவுன்சிலும் தீர்ப்பளித்தன. இலஞ்சத்தை ஒழித்தல் நல்ல நோக்கமே. எனினும், நீதிபதியின் ஆசனத்தில் அமர்பவரை நிருவாகம் தானே தெரிந்தெடுத்தல் ஆகாது என்பது அதனால் நிலைநாட்டப்பட்டது.

இதே காலத்தில் இதனினும் பெரியதொரு சோதனை தோன்றிற்று. 1962 சனவரி 27 ஆம் நாள் இரவு, இராணுவத்தையும் பொலிசையும் சேர்ந்த மூத்த உத்தியோகத்தர் சிலர் சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரின் அரசாங்கத்தைக் கவிழ்த்தற்குச் செய்த சதி, நிறைவேறுமுன்னரே வெளிப்பட்டுக் கலைந்தது. சந்தேக நபர்கள் கைதாயினர். தேர்ந்தெடுக்கப்பட்ட அரசாங்கத்தைப் படைபலத்தால் வீழ்த்த முயலுதல் பெருங்குற்றம் என்பதில் இருவேறு கருத்தில்லை. வினா அதுவன்று. அக்குற்றத்தைத் தண்டிக்க நடைமுறையிலிருந்த சட்டம் போதுமா, அன்றிப் புதுச் சட்டம் ஒன்றைப் பின்னோக்கி இயற்றலாமா என்பதே வினா.

அரசாங்கம் இரண்டாவது வழியைத் தெரிந்தது. 1962 மார்ச்சு மாதத்தில் அவ்வாண்டின் 1 ஆம் இலக்கக் குற்றவியற் சட்ட விசேட ஏற்பாடுகள் சட்டம் நிறைவேறியது. சதி நிகழ்வதற்கு முன்னரான சனவரி 1 ஆம் நாளிலிருந்தே அது நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. அதன் ஏற்பாடுகள் முக்கியமாக ஐந்து. முதலாவது, சந்தேக நபரை அறுபது நாள்வரை தடுத்துவைத்தல் சட்டமுறையானது எனப் பின்னோக்கி ஏற்கப்பட்டது. இரண்டாவது, பொலிசாருக்கு அளித்த வாக்குமூலம் சில நிபந்தனைகளோடு சான்றாக அனுமதிக்கப்பட்டது. மூன்றாவது, யூரியின்றி மூன்று நீதியரசர் முன் விசாரணை நடைபெறலாம் எனவும், அம்மூவரை நீதி அமைச்சரே பெயர் குறித்து நியமிக்கலாம் எனவும் விதிக்கப்பட்டது. நான்காவது, குற்றத்தின் வரையறை விரிக்கப்பட்டது. ஐந்தாவது, குறைந்தது பத்தாண்டுச் சிறையும் சொத்துப் பறிமுதலும் கட்டாயமாக்கப்பட்டன. இச்சதி தொடர்பான வழக்குகள் முடிந்ததும் சட்டம் தானே ஓய்ந்துவிடும் என்பதும் அதிலேயே எழுதப்பட்டிருந்தது. ஒரு சிலரைப் பிடித்துத் தண்டிப்பதற்கென்றே தைக்கப்பட்ட சட்டை அது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இருபத்து நால்வருக்கு எதிராகச் சட்டமா அதிபர் வழக்குத் தொடுத்தார். ரீ. எஸ். பெர்ணாந்து, எல். பி. டி சில்வா, பி. ஸ்ரீஸ்கந்தராசா ஆகிய நீதியரசர் மூவரை அமைச்சர் நியமித்தார். நீதியரசர் முதலில் ஆராய்ந்தது தம் சொந்த ஆசனத்தையே. வழக்குத் தொடுக்கும் அரசாங்கத்தைச் சேர்ந்த அமைச்சர் ஒருவர் வழக்கைத் தீர்க்கும் நீதிபதிகளைத் தெரிதல் அரசியலமைப்புக்கு முரணானது. முரணில்லை எனக் கொண்டாலும், நீதி நடுவுநிலையோடு வழங்கப்படுகின்றது என்னும் நம்பிக்கை பொதுமக்களிடம் நிலைக்காது. இவ்வாறு 1962 ஒக்டோபர் 3 ஆம் நாள் தீர்ப்புக் கூறி அம்மூவரும் விலகினர். தமக்களிக்கப்பட்ட அதிகாரத்தைத் தாமே ஏற்க மறுத்த நீதிபதிகளை வரலாற்றிற் பெரிதும் காண்டல் அரிது.

பாராளுமன்றம் உடனே சட்டத்தைத் திருத்தி, நியமிக்கும் உரிமையைப் பிரதம நீதியரசருக்கு மாற்றியது. இரண்டாவது அமர்வும் கலைந்தது. அதிலிருந்த நீதியரசர் ஒருவர் முன்னர்ச் சட்டமா அதிபராகப் பதில் கடமையாற்றியபொழுது இதே சதியின் புலனாய்வோடு தொடர்புற்றிருந்தார். மூன்றாவது அமர்வு 1963 யூன் மாதத்தில் விசாரணையைத் தொடங்கி, 324 நாள் கேட்டு, 1965 ஏப்பிரில் 6 ஆம் நாள் பதினொருவரைக் குற்றவாளிகளெனக் கண்டது. அத்தீர்ப்பில் நீதியரசர் தம் மனக்குறையை மறைத்திலர். சதியை வகுத்தோருக்கும் அதனுள் இழுக்கப்பட்டோருக்கும் இடையே தண்டனையில் வேறுபாடு காட்ட விரும்பியும் சட்டம் தம் கைகளைக் கட்டிவிட்டது என்றும், இந்த ஒரு குற்றத்துக்கு மட்டும் தனிச்சட்டம் ஏன் என்பது தமக்கு விளங்கவில்லை என்றும் அவர்கள் வெளிப்படையாகக் கூறினர். எல்லோருக்கும் ஒரே தண்டனையாகப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

பதினொருவரும் பிரிவிக் கவுன்சிலுக்கு மேன்முறையீடு செய்தனர். 1965 டிசம்பர் 2 ஆம் நாள் பியர்சு பிரபு தீர்ப்பை வழங்கினார். இயற்கை நீதிக்கு முரணான சட்டத்தை இயற்றும் வலு இலங்கைப் பாராளுமன்றத்துக்கு இல்லை என்னும் வாதத்தை அம்மன்று ஏற்கவில்லை. சுதந்திர நாட்டின் பாராளுமன்றம் தன் எல்லைக்குள் இறைமையுள்ளது எனக் கொண்டது. ஆனால் அரசியலமைப்பின் கட்டமைப்பிலேயே நீதி அதிகாரம் நீதிமன்றங்களுக்கெனத் தனித்து வைக்கப்பட்டுள்ளது. வெளிப்படையான வாசகம் இல்லாமை அதனைக் குறைக்காது என்றது. குறிப்பிட்ட சிலரைக் குற்றவாளிகளாக்கவும் அவர்தம் தண்டனையைப் பெருக்கவும் வகுக்கப்பட்ட திட்டமே இச்சட்டம். அது நீதித்துறையின் எல்லைக்குட் புகுந்த செயல். ஆதலின் சட்டம் செல்லாது, தண்டனைகளும் செல்லா. பதினொருவரும் விடுதலை பெற்றனர். நாடு எதிர்கொண்ட பேராபத்தை அம்மன்று மறுக்கவில்லை. ஆயினும், பெரிய நெருக்கடியில் ஒருமுறை இடங்கொடுத்தால், சிறிய நெருக்கடியில் அது மீண்டும் செய்யப்படும் என எச்சரித்தது.

இவ்வெச்சரிக்கைக்குப் பின்னால் இங்கிலாந்தின் சொந்த வரலாறு நிற்கின்றது. 1641 இல் ஸ்ட்ராபேட் பிரபுவைப் பிரபுக்கள் சபையின் விசாரணையிற் குற்றவாளியாக்க இயலாமற் போனபொழுது, பாராளுமன்றம் அவர் பெயரைச் சுட்டியே ஒரு சட்டம் இயற்றி அவர் தலையை வாங்கியது. அத்தகைய சட்டங்களின் கொடுமையை அறிந்த அமெரிக்கர், தம் அரசியலமைப்பில் அவற்றையும் பின்னோக்கிய குற்றச் சட்டங்களையும் வெளிப்படையாகத் தடைசெய்தனர். பெயர் சுட்டித் தண்டிக்கும் சபை சட்டசபையன்று. அது வழக்குக் கேளாத நீதிமன்று.

ஆயின் 1965 ஆம் ஆண்டுத் தீர்ப்போடு இவ்வரலாறு மங்களமாக முடியவில்லை. அத்தீர்ப்பில் ஒரு வாயில் திறந்தே இருந்தது. குறிப்பிட்ட சிலரை நோக்கிய சட்டம் என்பதனாலேயே 1962 ஆம் ஆண்டுச் சட்டம் வீழ்ந்தது. அதே ஏற்பாடுகளை எல்லோருக்கும் பொதுவான சட்டமாக, காலவரையறையின்றி இயற்றினால் யாது நிகழும்? இவ்வினாவுக்கு அடுத்த பதினைந்து ஆண்டுகள் விடை கூறின.

1971 இற் பிரிவிக் கவுன்சிலுக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972 ஆம் ஆண்டுக் குடியரசு யாப்பு, சட்டவாக்கம், நிருவாகம், நீதி ஆகிய மூவகை அதிகாரங்களையும் மக்கள் சார்பிற் பிரயோகிப்பது தேசிய அரசுப் பேரவையே என வகுத்து, நீதி அதிகாரம் நீதிமன்றங்கள் வாயிலாக இயங்கும் என்றது. அதே ஆண்டில், முந்திய ஆண்டின் ஏப்பிரில் கிளர்ச்சியில் ஈடுபட்ட சிங்கள இளைஞரை விசாரிக்கக் குற்றவியல் நீதி ஆணைக்குழுக்கள் சட்டம் இயற்றப்பட்டது. சாதாரண சான்று விதிகள் தளர்த்தப்பட்டன, மேன்முறையீடு மறுக்கப்பட்டது. 1977 இல் ஆட்சி மாறியபின் அச்சட்டம் நீக்கப்பட்டது. தெற்கின் இளைஞர் மீது முதலிற் பிரயோகிக்கப்பட்ட முறை இது என்பதை வடக்கில் வாழ்வோரும் மறத்தல் ஆகாது. நீதியின் வேலி எங்கே பிரிக்கப்பட்டாலும் இழப்பு எல்லோருக்குமே.

1979 இற் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. முதலில் மூன்றாண்டுக்கெனக் கூறப்பட்டு, 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது. 1962 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இதனை ஒப்புநோக்குதல் பயனுடைத்து. அங்கே தடுத்துவைத்தல் அறுபது நாள். இங்கே அமைச்சரின் கட்டளையால் மும்மாதம் மும்மாதமாகப் பதினெட்டு மாதம். அங்கே பொலிசாருக்களித்த வாக்குமூலம் அனுமதிக்கப்பட்டது. இங்கே உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாதவருக்கு அளித்த ஒப்புதல் சான்றாயிற்று, அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்பதை நிரூபிக்கும் பாரமும் குற்றஞ்சாட்டப்பட்டவன் தலையிலேயே வைக்கப்பட்டது. அங்கே யூரி இல்லை, இங்கும் இல்லை. அங்கே கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனை. இங்கும் பல குற்றங்களுக்கு அதுவே. வேறுபாடு ஒன்றே: முன்னையது பெயர் அறிந்த இருபத்து நால்வருக்காக ஆக்கப்பட்டது, பின்னையது பெயர் அறியப்படாத ஆயிரவருக்காக ஆக்கப்பட்டது. 1978 ஆம் ஆண்டு யாப்பின்படி, சபாநாயகர் சான்றுரை வழங்கிய சட்டத்தின் வலிதை எந்த நீதிமன்றும் பின்னர் வினவ இயலாது. எனவே, முன்னையது வீழ்ந்தது, பின்னையது நிலைத்தது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் தடுப்புக் காலத்தைப் பன்னிரண்டு மாதமாகக் குறைத்தது. ஒப்புதல் பற்றிய ஏற்பாட்டை நீக்கவில்லை.

இதன் பயனைச் சிங்கராசா வழக்கிற் காணலாம். சிங்களம் அறியாத அத்தமிழர், சிங்களத்தில் எழுதப்பட்ட ஒப்புதல் ஒன்றிற் பெருவிரல் அடையாளம் இட்டதாகக் கூறப்பட்டது. அவ்வொப்புதலைக் கொண்டே 1995 இல் ஐம்பதாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது முப்பத்தைந்தாயிற்று. 2004 இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு, நிரூபிக்கும் பாரத்தை அவர்மேற் சுமத்தியமை நியாயமான விசாரணைக்கு முரணானது எனக் கண்டது. அதனை ஆதாரமாகக் கொண்டு அவர் உயர் நீதிமன்றத்தை அணுகியபொழுது, 2006 இல் மன்று மறுத்தது. வெளிநாட்டுக் குழுவொன்றிடம் நீதி அதிகாரத்தை ஒப்படைக்கும் உரிமை சனாதிபதிக்கு இல்லை; ஆகவே 1997 இல் அவர் அவ்வுடன்படிக்கையில் இணைந்தமை நாட்டினுட் செல்லாது என்பதே காரணம். அதிகாரப் பிரிவினை என்னும் அதே கொள்கை 1965 இற் பதினொருவரின் சிறைக் கதவைத் திறந்தது. 2006 இல் ஒருவரின் கதவை மூடியது. கொள்கையின் பெயரைச் சொல்லுதல் போதாது. அது எவரைக் காத்தற்கென எழுந்ததோ அவரை நினைவிற் கொண்டு அதனைப் பிரயோகித்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

நிருவாகம் நீதியின் தொடக்கத்தில் மட்டுமன்றி முடிவிலும் நிற்கின்றது. 2000 டிசம்பரில் மிருசுவிலில் குழந்தைகள் உட்பட எண்மர் கொல்லப்பட்டனர். பதினைந்து ஆண்டுகளின் பின், 2015 இல், படைச் சார்சன் ஒருவருக்கு மூவர் அமர்வு மரண தண்டனை விதித்தது. 2019 இல் உயர் நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில் சனாதிபதி மன்னிப்பளித்து அவரை விடுவித்தார். ஏறத்தாழ இருபதாண்டு உழைத்துப் பெற்ற தீர்ப்பு ஒரு கையொப்பத்தால் ஓய்ந்தது. மன்னிப்பு அதிகாரம் தவறிய தண்டனையைத் திருத்தற்கும் கருணைக்கும் உரியது; அது வேண்டாததன்று. ஆயினும் அதற்கும் எல்லை உண்டு என்பதை உயர் நீதிமன்றமே பின்னர் உணர்த்தியது. முன்னாட் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு 2021 இல் வழங்கப்பட்ட மன்னிப்பை 2024 சனவரியில் அம்மன்று செல்லாததாக்கியது.

நீதிமன்றின் சொல்லும் தானே நடப்பதன்று. 2009 மே மாதத்தில் முல்லைத்தீவிற் படையினரிடம் சரணடைந்து காணாமற் போனோரின் உறவினர் ஆட்கொணர்வு மனுக்களைத் தாக்கல் செய்தனர். அவற்றுள் ஒன்றில் 2022 டிசம்பரில் வவுனியா மேல் நீதிமன்று, சரணடைந்தவரை முன்னிலைப்படுத்துமாறு இராணுவத்துக்குக் கட்டளையிட்டது. கட்டளை பிறந்தது, ஆள் வரவில்லை. நீதிமன்றுக்கெனத் தனிப் படையில்லை. அதன் கட்டளையை நிறைவேற்றவேண்டியது நிருவாகமே. அது மறுத்து நிற்பின், சட்டப் புத்தகத்தின் மிகச் சிறந்த பரிகாரமும் வெறுங் காகிதமாகும்.

இவற்றை எல்லாம் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை விளங்கும். குற்றவியல் நீதியின் காவலாக நிற்பது மூன்று துறைகளின் பிரிவு மட்டுமன்று. பிரிந்து நின்ற ஒவ்வொரு துறையும் தன் எல்லையைத் தானே அறிந்து அடங்குதலுமாகும். 1962 இல் அமைச்சர் தெரிந்த மூவரும் அவ்வாறு அடங்கினர். ஆதலின் அவர்தம் தீர்ப்பு வாழ்கின்றது. குற்றவாளியெனத் தாம் எண்ணியவருக்காக வேலியைப் பிரித்தோர், அதனைத் திரும்ப அடைத்திலர். பின்னர் அவ்வழியே புகுந்த துன்பம், கொழும்பின் உயர்குடியினரை விட்டு, வாதாட வழக்கறிஞரைத் தேடிப் பிடிக்கவும் வலியற்ற வன்னிக் குடியானவன் வாயிலில் வந்து நின்றது. ஜெயபுரத்தில் இன்று வகுப்பறையில் இருக்கும் மாணவன் நாளை பாராளுமன்றிலோ, பொலிஸ் நிலையத்திலோ, நீதி ஆசனத்திலோ அமரக்கூடும். அன்று “பொறுத்திடுக, முதலில் ஆராய்க” என்று சொல்லும் துணிவு அவனுக்கு இருத்தல் வேண்டும். பாண்டியன் அவையில் அச்சொல்லைச் சொல்ல ஒருவரும் இருந்திலர்.